தங்கமலைக்குப் போன அண்ணனும் தங்கச்சியும்

கடன்பட்டுக் கடல் கடந்த ஓர் ஆளாவது இல்லாத தெருவைத் திருகோணமலையில் தேடிப் பிடிப்பது கஷ்டம். தாலிக்கொடியை ஈடு வைத்து மத்திய கிழக்குக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். காணி உறுதியைக் கைமாற்றிவிட்டு 2012இல் அவுஸ்திரேலியாவுக்குப் படகேறியவர்கள் இருக்கிறார்கள். மிராண்டி ரிவோ எழுதிய ‘ஸ்டோன் ஸ்கை கோல்ட் மவுண்டன்’ நாவலை இந்தத் தெருக்களில் இருந்து படிப்பவருக்கு அதன் மையம் உடனே பிடிபடும். அட்டையில் தங்கம் என்று இருந்தாலும் உள்ளே ஓடுவது கடன். 1877இல் குடும்பக் கடனுக்காகச் சீனாவை விட்டு வெளியேறி, அவுஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தின் வடக்கே பாமர் ஆற்றுத் தங்கவயலுக்கு வந்து சேரும் லாய் யுவே, அவன் தங்கை யிங் ஆகிய இருவரின் கதை இது.

குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2020இல் வெளியிட்ட ஆங்கில நூல். வரலாற்று நாவலுக்கான ஏ.ஆர்.ஏ. பரிசு முதன்முதலாக வழங்கப்பட்டபோது இதற்கே கிடைத்தது. அதே ஆண்டு குயின்ஸ்லாந்து இலக்கிய விருதும் கிடைத்தது. வாங்கிப் படிக்கலாமா என்று கேட்டால், தயங்காமல் படிக்கலாம். ஆனால் ஆசிரியர் சொல்லாமல் விட்டுச்செல்லும் சில விடயங்கள் தெரியாமல் இறங்கினால் ஆரம்பப் பகுதி அவசரமாக முடிந்துவிட்டதுபோல் இருக்கும். அண்ணனும் தங்கையும் தங்கம் தேடத்தான் வருகிறார்கள்; கொஞ்ச நாளிலேயே தோண்டுவதைக் கைவிட்டு மேய்டவுன் என்ற சிறு பட்டினத்துக்குக் கூலி வேலை தேடி நடக்கிறார்கள். ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஏன் இப்படி?’ என்று வாசகருக்குத் தோன்றும் இடம் இதுதான். அதற்கான விடை தங்கம் அரிக்கும் தொழிலுக்குள் இருக்கிறது.

அரிக்கன் சட்டியில் அரிசி அரித்த கைக்கு அந்தத் தொழில் பாதி தெரியும். சட்டியின் உட்புறத்தில் வரிவரியாகப் பள்ளங்கள் இருக்கும். தண்ணீரோடு அலைசிச் சரிக்கும்போது அரிசி மிதந்து வழியும். கல் கனம் என்பதால் வரிக்குள் தங்கும். தங்கம் அரிப்பவர் செய்வதும் இதேதான், ஆனால் அவருக்கு வேண்டியது தங்கிவிடும் பொருள். தங்கத்தின் அடர்த்தி தண்ணீரைப்போல் 19 மடங்குக்கு மேல். சாதாரண வெண்மணல் இரண்டரை மடங்கு சொச்சம். இடையில், நாலரை ஐந்து மடங்கில், கரும்மண் நிற்கிறது. புல்மோட்டையில் இல்மனைட் என்று அள்ளும் அதே வகை மண்தான் அது. அலை லேசான மணலை இழுத்துக்கொண்டு போக, கனமான கரும்மண் கரையில் படிவதைப் பார்த்தவர்களுக்கு ஆறு என்ன செய்கிறது என்று விளக்கத் தேவையில்லை. சட்டியின் அடியில் கரும்மண் சேர்ந்தால் அரிப்பு ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். தங்கம் இருந்தால் அந்தக் கறுப்புக்குள்தான் இருக்கும்.

எங்கே தோண்டுவது என்பதும் மகாவலிக் கழிமுகத்தில் மண் அள்ளுவோருக்குப் புதிதல்ல. ஆறு வளையும் இடத்தில் உள்வளைவுப் பக்கம் நீரின் வேகம் குறையும். கனமானது அங்கே விழும். பெரிய பாறைக்குப் பின்புறம், அடிப்பாறையின் வெடிப்பு, மரவேரின் இடுக்கு எல்லாம் அப்படிப்பட்ட இடங்கள். மேல்மண்ணைக் கழுவி நாளை வீணாக்குவதுதான் புதிதாக வந்தவர் செய்யும் முதல் பிழை. அடிப்பாறை வரை போகவேண்டும். இரண்டாவது பிழை களிமண் கட்டிகளைக் கையால் நொறுக்காமல் சட்டியில் உருள விடுவது. உருளும் களி, படிந்திருக்கும் தங்கப்பொடியையும் தன்னோடு ஒட்டிக்கொண்டு வெளியே போய்விடும். மூன்றாவது எண்ணெய்ப் பசை. கையிலோ புது இரும்புச் சட்டியிலோ எண்ணெய் இருந்தால் நுண்பொடி தண்ணீரில் நனையாமல் மேலே மிதந்து, கண்ணெதிரே வழிந்துவிடும். அதனால்தான் புதுச் சட்டியை முதலில் நெருப்பில் காய்ச்சி எண்ணெயை எரித்துவிடுவார்கள்.

கைதேர்ந்த ஒருவர் நாள் முழுக்கக் குந்தியிருந்து அரித்தால் ஐம்பது சட்டி அளவில் முடிப்பார். ஒரு சட்டிக்கு 100 மில்லிகிராம் கிடைத்தது என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு ஐந்து கிராம். ஒரு பவுண் சேர ஒன்றரை நாளுக்கு மேல். இது நல்ல வயலில், முதலில் வந்தவருடைய கணக்கு. தொட்டில் என்று ஒரு மரப்பெட்டி இருந்தது. மேலே துளைத் தகடு, அதன் கீழே சரிவாகக் கட்டிய சாக்குத்துணி, அடியில் குறுக்குச் சட்டங்கள். ஒருவர் மண் கொட்ட, ஒருவர் தண்ணீர் ஊற்றியபடி ஆட்ட, சட்டியைவிடப் பல மடங்கு மண்ணைக் கழுவலாம். ஆனால் அதற்கு இரண்டு மூன்று பேராவது வேண்டும், வாளிக்கணக்கில் தண்ணீரும் வேண்டும். சீனர்கள் கூட்டுகளாகப் பிரிந்து வாய்க்கால் வெட்டி, நீரைத் திருப்பி, மற்றவர் கழுவிப் போட்ட மண்ணையே மறுபடி கழுவி வாழ்ந்ததற்கு இந்தக் கூட்டுவேலைதான் காரணம். கூட்டுக்குள் சேராமல் தனியாக நிற்கும் இரண்டு இளசுகள், அதிலும் ஒருவர் ஆண்வேடம் போட்ட பெண், எவ்வளவு நாள் தாக்குப்பிடிக்க முடியும்?

காலமும் அவர்களுக்கு எதிராக இருந்தது. தங்கம் தேடிப் போன ஜேம்ஸ் வென்சர் முலிகன் பாமரிலிருந்து 102 அவுன்சு தங்கத்தோடு திரும்பியது 1873 செப்டெம்பரில். அடுத்த மாதமே கடற்கரையில் குக்டவுன் முளைத்துவிட்டது. 1876இல் தெற்கே ஹொட்ஜ்கின்சனில் புது வயல் கிடைத்ததும் வெள்ளையர் பலர் அங்கே கிளம்பினார்கள். 1877இல் பாமரில் ஏறத்தாழ 17,000 சீனர்கள் இருந்தார்கள். இலகுவாகக் கிடைக்கும் தங்கம் அதற்குள் தீர்ந்திருந்தது. நாவலின் ஆண்டை ரிவோ நன்றாகத் தேர்ந்திருக்கிறார். வாசல் மூடப்போகும் நேரத்தில் அவருடைய பாத்திரங்கள் வந்து சேர்கிறார்கள்.

மழையும் உண்டு. திருகோணமலையில் மாரி கொட்டி ஓய்கிற நேரத்தில் அங்கே தொடங்கும். மார்கழி முதல் பங்குனி வரை ஆறுகள் பெருகி, குக்டவுனிலிருந்து வரும் பாதை அறுந்துபோகும். மாவும் அரிசியும் விலை ஏறும், சில வேளை கிடைக்கவே கிடைக்காது. வெயில் காலத்தில் மண்ணைக் கழுவத் தண்ணீர் இல்லை. தண்ணீர் வந்தால் தோண்டிய குழியை ஆறு மூடிவிடுகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள சில மாதங்களில்தான் ஆண்டுச் செலவையும் கடன் தவணையையும் உழைத்தெடுக்க வேண்டும்.

சட்டத்தின் கணக்கைப் பவுணில் சொன்னால் உறைக்கும். நம் பவுண் எட்டுக் கிராம் என்பதே பிரித்தானியரின் ஒரு பவுண் பொற்காசான சவரனிலிருந்து வந்தது. அந்தக் காசின் எடை 7.98 கிராம். அதனால் அந்தக் காலத்து வரியை மாற்றிக் கணக்குப் போடவே தேவையில்லை. நாவல் நடக்கும் அதே 1877இல் குயின்ஸ்லாந்து, கரையிறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுண் தலைவரி விதித்தது. உண்மையாகவே பத்துப் பவுண் நகை. பத்துத் தொன் கொள்ளளவுக்கு ஒரு சீனருக்கு மேல் கப்பல் ஏற்றக்கூடாது என்றும் வைத்தது. மூன்றாண்டுக்குள் நாட்டை விட்டுப் போனால், அரசாங்கத்துக்குச் செலவு வைக்காமல் இருந்திருந்தால், பணம் திரும்பக் கிடைக்கும். வா, உழை, போய்விடு என்பதுதான் அதன் பொருள். சுரங்க உரிமச் சீட்டு வெள்ளையருக்கு 10 சிலிங், அதாவது அரைப் பவுண். ஆசிய, ஆபிரிக்க வெளிநாட்டவருக்கு 3 பவுண். ஆறு மடங்கு. அடுத்த ஆண்டே, புதிதாகக் கண்டுபிடிக்கும் வயல்களில் மூன்று ஆண்டுகளுக்குச் சீனர் கால் வைக்கக்கூடாது என்று இன்னொரு சட்டம் வந்தது.

இத்தனையும் கழிந்து மிஞ்சுவதிலிருந்துதான் கப்பல் கட்டணம் திரும்ப வேண்டும். தெற்குச் சீனத்தில் பெரும்பாலானோர் கடன்சீட்டில்தான் கப்பல் ஏறினார்கள். முகவர் அல்லது வியாபாரி கட்டணத்தைக் கொடுப்பார். உழைத்து வட்டியோடு அடைக்க வேண்டும். ஊரில் இருக்கும் குடும்பம்தான் பிணை. மலையகத் தோட்டங்களில் கங்காணியின் ‘துண்டு’ முறையைக் கேள்விப்பட்டவர்களுக்கு இது விளங்கும். பெயர் எழுதிய துண்டில் கடன் நிற்கும். கடன் தீராமல் தோட்டம் மாற முடியாது. 1921இல்தான் சட்டத்தால் அதை ஒழித்தார்கள். நுண்கடன் வாரத் தவணைக்காரர் வாசலில் வந்து நிற்கும்போது வீட்டுக்குள் அடங்கும் பேச்சை அறிந்தவர்களுக்குத் துண்டுகூடத் தேவையில்லை. லாய் யுவே தன் தோல்வியை நினைத்து ஏன் இவ்வளவு ஆழமாக வெட்கப்படுகிறான், திரும்பிப் போகலாமே என்ற நினைப்பு ஏன் அவனைச் சாகடிக்கிறது என்பதெல்லாம் இந்த இடத்திலிருந்துதான் திறக்கும். கடன்பட்டார் நெஞ்சம் என்று நம் வாயில் புழங்கும் தொடரின் முழுக் கனம் அவன் பகுதிகளில் இருக்கிறது.

நூலின் மிகச் சிறந்த பகுதி யிங்குடையது. பெண்பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த இடத்தில் அவள் ஆண்பிள்ளையாக உடுத்து நடமாடுகிறாள். ஆண்வேடம் போட்ட பெண் என்றதும் நமக்குக் கூத்து ஞாபகம் வரலாம். வேடம் எப்போது கலையும் என்று காத்திருக்கும் சுவை. ரிவோ அந்தச் சுவையைப் பெரிதாகத் தேடவில்லை. பசி, உடம்பு, தூங்கும் இடம், ஒதுங்கும் இடம் என்று அன்றாடத்துக்குள் வைத்தே வேடத்தின் சுமையைக் காட்டுகிறார். வேடம் கொடுக்கும் சுதந்திரத்தையும் மறைக்கவில்லை. மேய்டவுனில் ஒரு கடையில் வேலை கிடைத்த பிறகு அவள் கண் திறக்கும் விதம், அண்ணன் சுருங்கச் சுருங்கத் தங்கை விரியும் அந்த எதிர்த்திசை, நாவலின் முதுகெலும்பு. அண்ணன் இருக்கத் தங்கச்சி உழைப்பதா என்ற கூச்சம் நம் வீடுகளுக்கும் பழக்கமானதுதான். அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாமலே நாவல் சொல்கிறது.

லாய் யுவே ஒரு பயணக் குழுவில் பொதிகாரனாகச் சேர்கிறான். பாமர்ப் பாதையில் சீனர்கள் மூங்கில் காவுதடியின் இரு முனையிலும் சுமை தொங்கவிட்டு நடந்தவர்கள். காவுதடியில் மீன்கூடை கொண்டுவந்த காலத்தை ஊரில் மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். சுமை சமமாக இல்லாவிட்டால் தோள் முதலில் போகும், பிறகு இடுப்பு. அவன் பகுதிகளில் இறந்துபோன பெண்ணொருத்தியின் குரல் அவனோடு கூட வருகிறது. இது கனவா நினைவா என்று முதல் வாசிப்பில் தடுமாற வாய்ப்புண்டு. ஒரு குறிப்பு உதவும்: அந்தக் குரலைப் பேயாகவே எடுத்துக்கொண்டு போங்கள், விளக்கம் தேடாதீர்கள். அடக்கம் செய்யாத உயிர் அலையும் என்பது சீனக் குடியேறிகளின் நம்பிக்கையில் ஆழமானது. வெளிநாட்டில் இறந்தவரின் எலும்பைச் சில ஆண்டுகள் கழித்துத் தோண்டியெடுத்துச் சாடியில் இட்டு ஊருக்கு அனுப்பும் வழக்கமே அவர்களிடம் இருந்தது.

மூன்றாவது கண் மெரியம் என்ற வெள்ளைக்காரப் பெண்ணுடையது. உடம்பை விற்றுப் பிழைக்கும் சோபியின் வீட்டில் வேலை செய்பவள். தனக்கென்று ஒரு காயத்தைச் சுமப்பவள். யிங்கோடு அவளுக்கு ஏற்படும் ஒட்டுதல் மெல்ல, நம்பும்படி வளர்கிறது. வெள்ளையருக்குள்ளும் யாரை வாசலுக்கு வெளியே நிறுத்துவார்கள் என்பதை அவள் வழியாகக் காட்டியது நல்ல தீர்மானம். ஆயினும் உடன்பிறப்புகளின் கதைக்குள் மூழ்கியிருக்கும்போது அவள் அத்தியாயம் குறுக்கிடுவது சில இடங்களில் ஓட்டத்தை வெட்டுகிறது.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. பட்டினத்தில் ஒரு பாரதூரமான குற்றம் நடந்து, வெளியாட்கள் எல்லோர் மேலும் சந்தேகம் திரும்பிய பிறகு நாவல் வேகமெடுக்கிறது. அதுவரை நுணுகி நுணுகிப் பார்த்த கண் அங்கே கொஞ்சம் அவசரப்படுகிறது. இன்னொன்று கனமானது. அந்த மண்ணின் ஆதிக்குடிகளுக்கு மூன்று பார்வைகளில் ஒன்றுகூட இல்லை. குக்டவுன் கரையில் குகு யிமிதிர் மக்கள், உள்ளே குகு யலஞ்சி மக்கள். தங்கம் தேடி வந்தவர்கள் அவர்களுடைய நீர்நிலைகளையும் வேட்டைக் காடுகளையும் மிதித்துக்கொண்டுதான் போனார்கள். 1873 நவம்பரில், முதல் கூட்டம் உள்ளே நடக்கத் தொடங்கிய சில நாட்களிலேயே, ‘போர் முகாம்’ என்று பெயர் பெற்ற இடத்தில் துப்பாக்கிகளுக்கு எதிரே அவர்கள் விழுந்தார்கள். இந்த வன்முறை நாவலில் தெரிகிறது. ஆனால் வந்தேறிகளின் பயத்துக்கு ஊடாகவே தெரிகிறது. காணி யாருடையது என்ற கேள்வியோடே வளர்ந்த ஊரில் இருந்து வாசிப்பவர் அந்த மௌனத்தை உடனே கவனிப்பார். பிற இனத்தவரின் மனதுக்குள் புகுந்து எழுத ஆசிரியர் தயங்கியதாக இருக்கலாம். அந்தத் தயக்கம் மதிக்கத்தக்கதே என்றாலும் இடைவெளி இடைவெளிதான்.

தலைப்பில் உள்ள தங்கமலை சீனரின் சொல். சான் பிரான்சிஸ்கோ பழைய தங்கமலை. அவுஸ்திரேலியத் தங்கவயல்கள் புதிய தங்கமலை. பழைய தங்கமலைப் பக்கம் போக விரும்புவோருக்கு சி. பாம் ஜாங்கின் ‘ஹவ் மச் ஒஃப் தீஸ் ஹில்ஸ் இஸ் கோல்ட்’ இருக்கிறது. அதுவும் 2020இல் வந்தது. புக்கர் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. அங்கேயும் இரண்டு சீன உடன்பிறப்புகள், லூசியும் சாமும். தகப்பன் இறந்துபோக, கண்ணை மூடிவைக்க இரண்டு வெள்ளி டொலரும் புதைக்க ஓரிடமும் தேடி அலைகிறார்கள். அங்கேயும் ஒரு பிள்ளை ஆணாக உடுத்துகிறது. ஆனால் ஆண்டின் முதல் இரு இலக்கத்தையே அந்த ஆசிரியர் மறைத்துவிடுகிறார். புலியும் எருமை எலும்பும் கலந்த புராண நிலம் அது. வரலாற்றுத் தகவலைச் சரிபார்த்துக்கொண்டே படிக்க விரும்புவோர் ரிவோவிலிருந்து தொடங்குவது நல்லது. ஜாங்கின் மொழி அடர்த்தி கூடியது. உயர்தரத்தில் ஆங்கிலம் சுமாராக வந்தவருக்கு அகராதி அடிக்கடி தேவைப்படும். ரிவோவின் வாக்கியங்கள் குறுகியவை. மூன்று பார்வைகளும் மாறி மாறி வருவதால், ஒரே இருப்பில் மூன்று நாலு அத்தியாயமாவது படிக்காவிட்டால் இழை அறுந்துபோகும். பக்கத்தில் ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு குக்டவுன், பாமர் ஆறு, மேய்டவுன் மூன்றையும் குறித்துக்கொண்டால் போதும்.

வாசிப்பு வட்டமாகக் கூடிப் படிப்பவர்கள் ஒரு பரிசோதனையும் செய்து பார்க்கலாம். பாவிக்காமல் கிடக்கும் பழைய அரிக்கன் சட்டி ஒன்று, இரண்டு கைப்பிடி கடல்மணல், குச்சவெளிப் பக்கக் கரையில் அலை விட்டுப்போகும் கரும்மண் ஒரு சிரட்டை, வீச்சுவலையின் ஈயக்குண்டிலிருந்து அரிசிக் குறுனி அளவில் வெட்டிய பத்துத் துண்டுகள். துண்டுகளில் பாதியைச் சுத்தியலால் தட்டித் தகடாக்குங்கள்; ஆற்றுத் தங்கம் பெரும்பாலும் அப்படித்தான் தட்டையாக இருக்கும். ஈயத்தின் அடர்த்தி 11.3, தங்கத்தில் பாதிக்குச் சற்று மேல். எல்லாவற்றையும் கலந்து, பெரிய பேசினுக்குள் வைத்து அரியுங்கள். முதலில் தண்ணீருக்குள் சட்டியை மட்டமாகப் பிடித்து நன்றாகக் குலுக்க வேண்டும், கனமானது அடிக்கு இறங்க. பிறகுதான் சரிவு. சரிவைக் கூட்டினாலோ அவசரப்பட்டாலோ முதலில் தப்புவது தகடுகள். ஈயம் நஞ்சு, முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், அந்தச் சட்டியை மறுபடி அடுப்படிக்கு எடுக்காதீர்கள். பேசினின் அடியில் தப்பிக் கிடக்கும் துண்டுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, யிங்கின் ஆரம்ப அத்தியாயங்களை மறுபடி எடுத்துப் படியுங்கள்.